உப்புக்காத்துல ஷெல்ஃப் ஆடுதா? இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி இந்த 4 டூல்ஸ் வாங்குங்க

மரக்காணம் உப்பளம் பக்கம் வாடகைக்கு இருக்கீங்களா? ஆன்லைன்ல வாங்கி நீங்களே மாட்டின ஷெல்ஃப் சீக்கிரமே ஆட ஆரம்பிக்கும். காரணம் உப்புக்காத்து. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிச்சிடும். அந்த ஈரத்துல ஸ்க்ரூ துருப்பிடிக்கும், ஓரம் மூடாத பார்ட்டிகிள் போர்டு ஊதிடும்.

புதுசு வாங்கினாலும் இதே கதைதான். அதனால முதல்ல இதை வாங்குங்க:

1. ஆலன் கீ செட், ஸ்க்ரூடிரைவர்: கையாலயே முடுக்குங்க. பவர் டிரில்லை வேகமா ஓட்டினா போர்டுல ஓட்டை பெருசாகிடும்.

2. வாட்டர்ப்ரூஃப் மரப்பசை, டூத்பிக்: லூசான ஓட்டையில் பசை தடவின குச்சிகளை இறுக்கமாகச் செருகி, ஒரு நாள் காயவிட்டு ஸ்க்ரூ போடுங்க.

3. எஸ்எஸ் ஸ்க்ரூ: வீட்டுக்குள்ள 304 கிரேடு போதும். பால்கனிக்கு 316 வாங்குங்க. அதுல மாலிப்டினம் இருக்கிறதால உப்பை இன்னும் நல்லா தாங்கும்.

4. எட்ஜ் பேண்ட் டேப்: போர்டு நல்லா காய்ஞ்சிருக்கும்போதே திறந்த ஓரங்களை மூடிடுங்க.

ஒரு விஷயம்: ஊதின பார்ட்டிகிள் போர்டு பழைய நிலைக்குத் திரும்பாது. அதுல பசைக்குக் காசு போடாதீங்க. அந்த ஒரு பலகையை மட்டும் ஐஎஸ் 710 மரைன் பிளைவுட்ல அறுத்து மாத்துங்க. அந்தச் செலவு புது ஷெல்ஃப் விலையில பாதியைத் தாண்டினா, ரிப்பேரை விட்டுடுங்க. டூல்ஸ் மட்டும் வீணாகாது. அடுத்த வீட்டுக்கும் கூடவே வரும்.

உங்க வீட்டுல முதல்ல ஆட்டம் கண்டது எது? கமெண்ட்ல சொல்லுங்க.