வானம் தோண்டும் முன்பே வக்கீலைப் பாருங்கள்

தேனி மாவட்டம் ராசிங்காபுரத்தை அடுத்த பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையைச் சுமார் 2 கிலோமீட்டர் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு சுமார் 1,500 கோடி ரூபாய். வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று அந்த மார்ச்சிலேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. கேரள எல்லையில் உள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதைச் சுட்டி, 2011இல் தரப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் நிறுத்திவைத்தது. 2018இல் மறுபடி அனுமதி வந்தபோது, தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

ஆய்வகம் வேண்டுமா வேண்டாமா என்பதில் ஊருக்குள் இன்றும் பேச்சு உண்டு. நான் சொல்ல வருவது வேறு. வழக்குப் போட்டவர்கள், மலையில் சுரங்கம் இறங்குவதற்கு முன்பே அனுமதிக் காகிதத்தை எடுத்துப் படித்துக் கேள்வி கேட்டார்கள். இதே ஊர்களில் ஏலக்காட்டுக் கூலியைச் சேர்த்து வீடு கட்டுகிறவர்களோ, ரூஃப் ஒழுகிய பிறகுதான் வக்கீல் வீட்டுப் படியேறுகிறார்கள். அதற்குள் பணமும் போய்விடுகிறது, சாட்சியமும் போய்விடுகிறது.

முதலில் நிலம். பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். மலையடிவாரத்தில் அது போதாது. மனையின் ஓரம் ஓடைப் புறம்போக்கில் விழுகிறதா, நிபந்தனைப் பட்டாவா, பஞ்சமி நிலமா, மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமமா என்றும் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். சிறிய வீடுகளுக்கு உடனடி அனுமதி தரும் சுயசான்று முறையை 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்தது. நல்ல வசதிதான். ஆனால் அதில் எழுதித் தரும் ஒவ்வொரு விவரத்துக்கும் உரிமையாளரே பொறுப்பு.

அடுத்தது ஒப்பந்தம், பெரும்பாலான சண்டைகளின் வேர் இதில்தான் இருக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று வாயால் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி, வேலை தொடங்கிவிடுகிறார்கள். கூலிக்கு மட்டுமா, பொருளோடு சேர்த்தா? எந்த சிமெண்ட், எத்தனை எம்எம் கம்பி? செப்டிக் டேங்க் கணக்கில் சேருமா? எந்தத் தேதிக்குள் சாவி? எழுதாவிட்டால் ஒவ்வொன்றும் பின்னால் வாக்குவாதம் ஆகும். பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு என்று அந்தந்தக் கட்டம் முடிந்த பிறகே அந்தந்தப் பணம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மேஸ்திரி நமக்குச் சொந்தக்காரராக இருந்தால் எழுதுவது இன்னும் அவசியம், உறவும் கெடாது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். கையில் கொடுத்தால் அன்றே கையெழுத்து வாங்குங்கள்.

மேஸ்திரி அடுத்த கட்டத்துக்கான பணத்தை முன்கூட்டியே கேட்டு நெருக்குகிறார், வேலை வாரக்கணக்கில் நிற்கிறது, போனை எடுப்பதில்லை என்றால் இனியும் பொறுத்திருக்கக் கூடாது. பெற்றதற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டிய நேரம் அது. அரைகுறை வேலையை வேறு ஆளை வைத்து முடிக்க நினைப்பது இயல்புதான். அதற்கு முன் ஒரு சிவில் இன்ஜினியரைக் கொண்டு விரிசலையும் ஒழுகலையும் அளந்து அறிக்கை வாங்கி, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பூசி மறைத்த விரிசலை நீதிமன்றத்தில் காட்ட முடியாது.

சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டும் வீட்டுக்கு ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உதவாது. விற்பதற்காகக் கட்டும் அடுக்ககங்களுக்கும் மனைப்பிரிவுகளுக்குமானது அது. நமக்குரிய இடம் தேனியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993இல், லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உறுதிசெய்தது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். "அடுத்த மாசம் சரி பண்ணித் தர்றேன்" என்ற பேச்சை நம்பியே இந்தக் கெடுவைப் பலர் இழக்கிறார்கள்.

பக்கத்து மனைக்காரர் நம் எல்லைக்குள் சுவர் எழுப்பினால் நாள் கணக்கில்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சுவர் எழும் முன் தடையுத்தரவு கேட்பது எளிது; எழுந்த சுவரை இடிக்க உத்தரவு வாங்குவது பெரும்பாடு.

செலவுக்கு அஞ்சி ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல், மற்றவர்களில் வருமானம் குறைந்தவர்களுக்கும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை அமர்த்தித் தரும். அழைக்க வேண்டிய எண் 15100. போகும்போது ஒப்பந்தம், ரசீதுகள், வங்கிப் புத்தகம், படங்கள், பட்டா நகல் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். வக்கீல் முதலில் கேட்பது தேதிகளைத்தான்.