வீட்டு மின்சாரத்துக்கும் கணக்கு எழுதுங்கள்

காலையும் மாலையும் சொசைட்டியில் ஊற்றும் பாலை அட்டையில் குறித்து வைக்கிறோம். மரவள்ளிக் கிழங்கு ஏற்றினால் எடைக் கணக்கு எழுதுகிறோம். வீட்டில் செலவாகும் மின்சாரத்தை மட்டும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின் வாரிய ஊழியர் கணக்கெடுத்த பிறகுதான் அறிகிறோம். அதற்குள் செலவு நடந்து முடிந்து விடுகிறது.

தமிழ்நாட்டில் 1990ஆம் ஆண்டு முதல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மோட்டாருக்கான மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. வீட்டு இணைப்பு அப்படியன்று. அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சிப் பக்கம் தோட்டத்திலேயே குடியிருப்போர் வீடுகளிலும் தண்ணீர் மோட்டார், கிரைண்டர், பிரிட்ஜ், மின்விசிறி என்று சாதனங்கள் பெருகிவிட்டன.

ஒரு யூனிட்டால் 233 ரூபாய்

2022 செப்டம்பரில் அமலான கட்டணத்தைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. ஆக 500 யூனிட்டுக்கு ரூ.1,725.

செலவு 501 யூனிட் ஆகிவிட்டால், 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை போய், அவற்றுக்கும் ரூ.4.50 வீதம் கணக்கிடப்பட்டது. 501வது யூனிட்டுக்கு ரூ.8. மொத்தம் ரூ.1,958. ஒரே ஒரு யூனிட்டால் ரூ.233 கூடுதல்! 2024 ஜூலையில் கட்டணம் மேலும் சற்று உயர்ந்தது. ஆகவே எந்த எண்ணில் கட்டணம் ஏறுகிறது என்பதை மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் அவ்வப்போது கேட்டுத் தெரிந்து கொள்வது அவசியம்.

வாரம் ஒரு நாள் போதும்

மின் வாரிய ஊழியர் கணக்கெடுத்த அன்று மீட்டரில் உள்ள எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். மின்னணு மீட்டரில் பல எண்கள் மாறி மாறி வரும், ‘கே.டபிள்யூ.எச்.’ என்ற எழுத்துகளுடன் வருவதே யூனிட் எண். பிறகு வாரந்தோறும் அதே கிழமையில் எண்ணைக் குறித்து, முந்தைய எண்ணைக் கழித்தால் அந்த வாரச் செலவு தெரியும். 60 நாளில் 500 யூனிட்டுக்குள் நிற்க வேண்டுமானால் வாரத்துக்குச் சுமார் 58 யூனிட் தாண்டக் கூடாது. தாண்டினால் அடுத்த வாரமே சிக்கனம் செய்ய அவகாசம் உண்டு.

எது அதிகம் இழுக்கிறது?

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு குதிரைத் திறன் மோட்டார் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் எடுக்கும். தினம் ஒரு மணி ஓடினால் 60 நாளில் 60 யூனிட். தொட்டி நிரம்பி வழிவதும், புட்வால்வு ஒழுகுவதும் அத்தனையும் காசுதான்.

75 வாட் மின்விசிறி தினம் 15 மணி நேரம் சுழன்றால் 60 நாளில் 67 யூனிட்டுக்கு மேல் ஆகும். ‘பி.எல்.டி.சி.’ எனப்படும் 30 வாட் விசிறிக்கு 27 யூனிட்டே போதும். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடும்.

விளக்கு காட்டும் கசிவு

மீட்டரில் சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னுவதைக் காணலாம். யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது மீட்டரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3,200 என்று இருந்து, நிமிடத்துக்கு 16 முறை மின்னினால், மணிக்கு 960 முறை, அதாவது 0.3 யூனிட் செலவாகிறது.

வீட்டில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு விளக்கைக் கவனியுங்கள். அப்போதும் மின்னினால் எங்கோ மின்சாரம் கசியலாம். இது பணத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் கேடு. ஈரமான மாட்டுக் கொட்டகைக்கு ஒயர் இழுத்திருப்போர் இதை அலட்சியம் செய்யலாகாது. உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு உடனே சோதிக்கவும். மீட்டரின் சீலை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது.

கட்டணத்தைக் குறைக்கப் பாசன இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் கட்ட வேண்டிய தொகை மிச்சத்தைப் போல் பல மடங்காகும். ஒரு நோட்டும் பென்சிலும், வாரத்தில் ஐந்து நிமிடமும் போதும். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் வீட்டுக் கணக்கும் சரியாகும். அவர்களுக்கும் கணக்கு வரும்.