கோடியக்கரைக் காட்டின் கட்டமைப்புப் பன்மையை மீட்டெடுத்தல்

கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம் நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யம் வட்டத்தில், வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் நிலமுனையில் அமைந்துள்ளது. வெளிமான்களைப் பாதுகாப்பதற்காக 1967-ஆம் ஆண்டு இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இங்கு திறந்த புல்வெளி, முட்புதர், வறண்ட பசுமைமாறாக் காடு, மணல்மேடு, உவர்ச் சேற்றுநிலம் ஆகியவை ஒரு சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடுத்தடுத்து உள்ளன. சீமைக்கருவேலம் பரவியதால் இந்த வேறுபாடு குறைந்து, பல இடங்கள் ஒரே தோற்றமுள்ள முள்காடாக மாறின. பழைய வேறுபாட்டைத் திரும்பக் கொண்டுவரும் பணியையே கட்டமைப்புப் பன்மை மீட்பு என்கிறோம்.

கட்டமைப்புப் பன்மை என்பது என்ன?

ஒரு காட்டில் எத்தனை வகை மரங்கள் உள்ளன என்று எண்ணுவது இனப்பன்மை. அந்த மரங்கள் எந்த உயரத்தில், எந்த வயதில், எவ்வளவு நெருக்கத்தில் நிற்கின்றன என்று பார்ப்பது கட்டமைப்புப் பன்மை. மேல்விதானம், இடைநிலைச் சிறுமரங்கள், புதர், தரைச்செடி, கொடி என அடுக்குகள் இருப்பதும், முதிய மரங்களுடன் கன்றுகளும் இளமரங்களும் கலந்திருப்பதும் இதில் அடங்கும். காட்டின் நடுவே வெயில் விழும் வெட்டவெளிகளும், பட்டுப்போய் நிற்கும் மரங்களும், விழுந்து மக்கும் கட்டைகளும் இதன் பகுதிகளே. மரங்கொத்திக்கும் ஆந்தைக்கும் பொந்துள்ள மரம் வேண்டும். வண்டுகளுக்கும் பூஞ்சைகளுக்கும் மக்கும் கட்டை வேண்டும். தவிட்டுக்குருவிக்குப் புதர் வேண்டும். ஆகவே பல இனங்கள் இருந்தும் ஒரே வயதும் ஒரே உயரமும் கொண்ட காட்டில் வாழிடங்கள் குறைவாகவே இருக்கும்.

கோடியக்கரையின் இயல்பான அமைப்பு

வேதாரண்யத்தின் பழைய பெயர் திருமறைக்காடு. ஊர்ப் பெயரிலேயே காடு இருக்கும் இப்பகுதியில், சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் பெரிய பரப்பு ஒன்று எஞ்சியுள்ளது. இவ்வகைக் காடு பிற இடங்களில் பெரும்பாலும் கோயில் காடுகளாகச் சிறுசிறு துண்டுகளாகவே மிஞ்சியிருக்கிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிட, நீண்ட கோடையைத் தாங்க வேண்டியிருப்பதால் இம்மரங்களின் இலைகள் சிறுத்தும் தடித்தும் இருக்கின்றன. மேல்விதானம் பொதுவாக 9 முதல் 12 மீட்டர் உயரமே வளரும்.

இக்காட்டின் தலைமை மரம் பாலை. மெதுவாக வளர்ந்து மிகக் கடினமான கட்டை தரும் இம்மரத்தின் மஞ்சள் நிறப் பழங்களைப் பறவைகளும் குரங்குகளும் விரும்பி உண்ணும். இலங்கையின் வன்னிக் காடுகளிலும் இதே மரம் உண்டு. அங்குப் பாலைப்பழம் மக்களுக்கும் பிடித்த உணவு. பாலையுடன் நாவல், காயா, காட்டு எலுமிச்சை முதலியன சேர்ந்து வளர்கின்றன. அவற்றின் கீழே களா, சங்கஞ்செடி, நிலக்குமிழ் போன்ற முட்புதர்கள் அடர்ந்திருக்கும். உப்பேறிய ஓரங்களில் உகா மரமும் உமரிச் செடியும் காணப்படும்.

காட்டை ஒட்டி, மழைக்காலத்தில் நீர் தேங்கிக் கோடையில் வெடிக்கும் தாழ்நிலங்களில் புல்வெளி உள்ளது. வெளிமானுக்கு இந்த வெட்டவெளிதான் வாழிடம். பகையைத் தொலைவிலேயே கண்டு, ஓடித் தப்பும் விலங்கு அது. கலைமான்கள் ஒவ்வொன்றும் தமக்கென இடம் பிடித்து நின்று பிணைகளை ஈர்ப்பதும் திறந்த தரையில்தான். மரம் அடர்ந்தால் வெளிமான் விலகிவிடும். ஒரே சரணாலயத்துக்குள், பாலைக் கன்றுக்கு நிழலும் வெளிமானுக்கு வெயிலும் தேவைப்படுகின்றன.

சீமைக்கருவேலம் செய்த மாற்றம்

மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த சீமைக்கருவேலம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுத் தேவைக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்குவதற்காகவும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உப்பு மண்ணையும் வறட்சியையும் அது எளிதாகத் தாங்கும். அதன் காய்கள் இனிப்பானவை. மானும் காட்டுப்பன்றியும், கோடியக்கரையில் காட்டு விலங்குகளாகவே திரியும் மட்டக்குதிரைகளும் அவற்றைத் தின்கின்றன. கடினத் தோலுள்ள விதைகள் வயிற்றில் செரிக்காமல் சாணத்துடன் வெளியேறி, உரத்தோடு விதைத்தது போல முளைக்கின்றன. வெளிமான் காய்க்காக வருகிறது. அதன் சாணத்திலிருந்து எழும் மரம் பிறகு அதன் மேய்ச்சல் தரையையே மூடிவிடுகிறது.

விளைவு இரு பக்கமும் தெரிகிறது. புல்வெளியில் மரம் ஏறிப் புல் குறைகிறது. நரியும் நாயும் பதுங்க மறைவு கிடைக்கிறது. காட்டின் ஓரங்களிலும் இடைவெளிகளிலும் அது முந்திக்கொண்டு வளர்வதால், மெதுவாக வளரும் பாலைக் கன்றுக்கு இடமில்லாமல் போகிறது. உயரத்தில் வேறுபட்டிருந்த இரு வாழிடங்களும் ஆளுயரத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரே முள்காடாகச் சமனாகிவிடுகின்றன.

மேலாண்மை முறைகள்

முதல் படி, சரணாலயத்தை ஒரே பரப்பாகக் கருதாமல் மண், நீர்த்தேக்கம், உப்பு, இப்போதுள்ள செடிகொடி ஆகியவற்றின்படி பகுதிகளாகப் பிரித்துக்கொள்வது. ஒவ்வொரு பகுதிக்கும் இலக்கு வேறு.

புல்வெளிப் பகுதியில் சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்ற வேண்டும். தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் துளிர்த்து முன்னைவிட அடர்த்தியாகிவிடும். வேரின் கழுத்துப் பகுதி மண்ணுக்குள் இருப்பதால் அதற்குக் கீழே தோண்டி எடுப்பதே பயன் தரும். மண்ணில் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் உயிருடன் இருக்கும். எனவே ஒருமுறை அகற்றிவிட்டு நிறுத்துவது வீண்செலவு. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். காய் பழுக்கும் முன் வேலையை முடிப்பதும் முக்கியம். அகற்றிய இடத்தில் மரக்கன்று நடக்கூடாது. புல் மீண்டும் படர விடுவதே அங்கே மீட்பு.

காட்டுப் பகுதியில் வேகம் கூடாது. பழந்தின்னிப் பறவைகள் சீமைக்கருவேலக் கிளையில் அமர்ந்து இடும் எச்சத்திலிருந்து நாட்டுச் செடிகள் அதன் நிழலிலேயே முளைப்பதுண்டு. பொக்லைன் இயந்திரத்தை உள்ளே விட்டால் அயல் மரத்துடன் அந்தக் கன்றுகளும் அழியும். புரண்ட மண்ணில் சீமைக்கருவேல விதையே முதலில் முளைக்கும். ஆகவே முதலில் கன்றுகளைக் கண்டறிந்து குறியிட்டு, அவற்றைச் சுற்றியுள்ள சீமைக்கருவேலத்தைக் கைக்கருவிகளால் படிப்படியாகக் குறைப்பது நல்லது. கன்றுகள் போதாத இடத்தில் மட்டும் உள்ளூர் விதையில் வளர்த்த பாலை, நாவல், காயா போன்றவற்றைக் கூட்டம் கூட்டமாக நட்டு, மானும் குதிரையும் மேயாதபடி சில ஆண்டுகள் வேலியிட வேண்டும். வரிசையாக நட்டால் ஒரே வயதுத் தோப்புதான் உருவாகும்.

ஓரப்பகுதியில் களா, சங்கஞ்செடி போன்ற புதர்களை விட்டுவைக்க வேண்டும். காடும் வெளியும் கத்தியால் வெட்டியதுபோல் பிரியாமல், புதர்வழி மெல்ல மாறும் ஓரமே பல பறவைகளுக்கு ஏற்றது. இலையுதிர்காலத்தில் கடற்கரை வழியாக வந்திறங்கும் ஆறுமணிக்குருவி போன்ற வலசைப் பறவைகள் முதலில் ஒதுங்குவது இத்தகைய நிழற்புதர்களில்தான்.

கஜா புயல் தந்த பாடம்

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. கோடியக்கரைக் காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. மான்களும் பறவைகளும் உயிரிழந்தன. புயல் இக்கடற்கரைக் காடுகளுக்குப் புதிதன்று. மரம் சாய்ந்து திறக்கும் இடைவெளியில் வெயில் விழ, காத்திருந்த கன்றுகள் எழுவது இயற்கை தானே செய்யும் புதுப்பித்தல். ஆனால் சீமைக்கருவேல விதை நிறைந்த காட்டில், அதே இடைவெளியை முதலில் பிடிப்பது அயல் மரமாக இருக்கும். எனவே புயலுக்குப் பின் வரும் இரண்டு மூன்று மழைக்காலங்கள்தான் மேலாண்மைக்கு மிக முக்கியமான காலம். வழியை மறிக்கும் மரங்களை அகற்றலாம். காட்டுக்குள் விழுந்த பாலைக் கட்டைகளை மக்க விடுவதே மண்ணுக்கும் பூச்சிகளுக்கும் நல்லது.

பிற இடங்களின் பட்டறிவு

ஐரோப்பாவின் பழைய ஓக் காடுகள் பலவற்றில் ஒரு காலத்தில் கால்நடை மேய்ந்தது. விறகுக்காக மரங்கள் முறைவைத்து வெட்டப்பட்டன. அப்பழக்கங்கள் நின்றபின் நிழல் மரங்கள் அடர்ந்தன. வெயில் விரும்பும் ஓக் கன்றுகள் எழவில்லை. முதிய ஓக் மரங்களும் நெருக்கடிக்கு உள்ளாயின. இன்று அங்கே முதிய மரங்களைச் சுற்றிப் படிப்படியாக வெளி ஏற்படுத்துகிறார்கள். பட்ட மரங்களை விட்டுவைக்கிறார்கள். சில இடங்களில் மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். அங்கேயும் மரம் வெட்டுவது காட்டைக் காக்கும் வேலையாக இருக்கிறது.

தமிழகத்திலேயே, 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில் நிலை நேரெதிர். அரித்துப்போன செம்மண் மேட்டில் முதலில் தாங்குதிறன் மிக்க அயல் வேலமரங்கள் நிழலுக்காக வளர்க்கப்பட்டன. அவற்றின் அடியில் வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்கள் பின்னர் நடப்பட்டன. ஒன்றுமில்லாத நிலத்தில் அயல் மரமும் சிறிது காலம் உதவும் என்பதை அது காட்டுகிறது. கோடியக்கரையில் தாய்மரங்களும் விதை பரப்பும் பறவைகளும் இன்னும் உள்ளன. அவற்றின் வேலைக்கு வழிவிடுவதே பெரும்பகுதிப் பணி.

மக்களும் கண்காணிப்பும்

கோடியக்காடு, கோடியக்கரை ஊர் மக்கள் நெடுங்காலமாக இக்காட்டை ஒட்டியே வாழ்பவர்கள். ஏழைக் குடும்பங்களுக்குச் சீமைக்கருவேலம் விறகாகவும் கரியாகவும் பயன்படும் மரம். எனவே அதை அகற்றும் திட்டம், அவர்களுக்கு வேலையும் மாற்று எரிபொருளும் தருவதாக இருக்க வேண்டும். இல்லையெனில் அடுத்த கோடரி நாட்டு மரத்தின் மேல் விழும்.

தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. அகற்றிய பரப்பு எத்தனை ஹெக்டேர் என்பது எளிதில் எண்ணக்கூடிய கணக்கு. மீட்பின் உண்மையான அளவுகோல் வேறு: நிலையான ஆய்வுத் துண்டுகளில் பாலைக் கன்றுகள் இளமரங்களாகின்றனவா, புதர் அடுக்கு திரும்புகிறதா, வெளிமான்கள் மீண்டும் அந்தப் புல்வெளியில் மேய்கின்றனவா என்பவை. இவற்றுக்கு விடை காணப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளக்க வேண்டும். பாலை மரம் மனித ஆயுளைவிட மெதுவாகக் கணக்கு வைக்கும் மரம். ஓர் அதிகாரியின் பணிக்காலத்துக்குள் அது முதிராது. வெட்டவெளியோ சில மழைக்காலங்கள் கவனிக்காமல் விட்டாலே மூடிவிடும். இவ்விரு கால அளவுகளையும் ஒரே திட்டத்தில் வைத்துக் காப்பதே கோடியக்கரை மேலாண்மையின் கடினமான பகுதி.