வீட்டுக் கணக்கு – 9: இருநூற்று ஓராவது யூனிட்

சென்ற வாரம் தண்ணீர் கேன், லாரித் தண்ணீர் செலவைப் பார்த்தோம். இந்த வாரம் கரன்ட் பில். ஊர், ஹைதராபாத்.

வேலைக்காக அங்கே போன தமிழ்க் குடும்பங்கள் செகந்திராபாத்திலும் கூகட்பள்ளியிலும் மியாப்பூரிலும் நிறைய இருக்கின்றன. நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் கட்டிப் பழகியவர்களுக்கு அங்கே மாதாமாதம் ரீடிங். ஆள் வருவார், மீட்டரைப் பார்ப்பார், கையிலிருக்கும் மெஷினிலிருந்து சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். முதல் சில மாதம் தொகை சின்னதாகத் தெரியும். ஏப்ரல் வந்ததும் வீட்டில் ஒரு கேள்வி எழும்: "போன மாசத்தைவிட நாலு யூனிட்தானே கூட? அதுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல எப்படி ஏறுச்சு?"

மீட்டர் ஓடுகிறது என்று சந்தேகப்பட வேண்டாம். பதில் கட்டண அட்டவணையிலேயே இருக்கிறது.

ஒரு யூனிட், 207 ரூபாய் 70 காசு

ஹைதராபாத்துக்கு மின்சாரம் தருவது தெலங்கானா தெற்கு மின் விநியோக நிறுவனம். 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த வீட்டுக் கட்டணம் மூன்று வகை. மாதம் 100 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 50 யூனிட் 1.95 ரூபாய், அடுத்த 50 யூனிட் 3.10 ரூபாய். 100-ஐத் தாண்டி 200-க்குள் நின்றால் முதல் 100 யூனிட் 3.40, அடுத்த 100 யூனிட் 4.80. 200-ஐத் தாண்டிவிட்டால் முதல் 200 யூனிட்டும் 5.10, அதற்கு மேல் 300 வரை 7.70, 400 வரை 9 ரூபாய், 800 வரை 9.50, அதையும் தாண்டினால் 10 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியது, வகை மாறும்போது முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறுகிறது என்பது. 200 யூனிட் எரித்த வீட்டுக்கு 820 ரூபாய். 201 யூனிட் எரித்த வீட்டுக்கு 1,027 ரூபாய் 70 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 207 ரூபாய் 70 காசு. 100-லிருந்து 101-க்குப் போனாலும் இதே கதைதான். அங்கே அடி 92 ரூபாய். நிலைக் கட்டணம், வாடிக்கையாளர் கட்டணம், யூனிட்டுக்கு 6 காசு மின்வரி எல்லாம் இதற்கு மேல். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

வெள்ளை ரேஷன் கார்டு உள்ள வீடுகளுக்கு இந்த 200 இன்னும் பெரிய எல்லை. 2024-இல் தெலங்கானா அரசு கொண்டுவந்த 'கிருஹ ஜோதி' திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை பில் பூஜ்யம். தாண்டினால் முழுத் தொகையும் கட்ட வேண்டும். அந்த வீடுகளில் 201-ஆவது யூனிட்டின் விலை ஆயிரம் ரூபாய்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இது அந்நியமில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற எல்லையைத் தாண்டியவுடன் கீழ் ஸ்லாபுகளின் விலையும் சேர்ந்து மாறுவதை அனுபவித்தவர்கள் பலர் இருப்பார்கள். ஊருக்கு ஊர் எண் வேறு, தத்துவம் ஒன்று: மொத்தம் எத்தனை யூனிட் குறைத்தோம் என்பதைவிட, எந்த எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் பில்லைத் தீர்மானிக்கிறது.

ஒரு வீட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்போம்

இரண்டு படுக்கையறை வீடு, நாலு பேர், ஏ.சி. இல்லை என்று வைத்துக்கொள்வோம். 75 வாட் சீலிங் ஃபேன் மூன்று, தினம் 12 மணி நேரம்: மாதம் 81 யூனிட். ஃப்ரிட்ஜ் 30. பழைய ட்யூப்லைட் நாலு, தினம் 5 மணி நேரம்: 31. டி.வி. 12. செட்டாப் பாக்ஸும் வைஃபை பெட்டியும் இரவு பகலாக: 14. சாமி அறையில் அணையாமல் எரியும் ஜீரோ வாட் பல்பு: 11. கிரைண்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், மோட்டார் எல்லாம் சேர்ந்து 25. கூட்டினால் 204 யூனிட், 1,050 ரூபாய் 80 காசு.

முதலில் விளக்கு. 40 வாட் என்று எழுதியிருக்கும் பழைய ட்யூப்லைட், அதன் சோக் தின்பதையும் சேர்த்தால் 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதே வெளிச்சத்தை 20 வாட் எல்.இ.டி. பட்டி தருகிறது. நாலையும் மாற்றினால் 31 யூனிட் 12 ஆகிறது. பெயர்தான் ஜீரோ, அந்தச் சிவப்பு பல்பு 12 முதல் 15 வாட் வரை எடுக்கும். அரை வாட் எல்.இ.டி. போட்டால் அங்கே 10 யூனிட் மிச்சம். ஆக 204 யூனிட் 175 ஆனது. பில் 700 ரூபாய். குறைந்தது 29 யூனிட், மிச்சமானது 350 ரூபாய். எல்.இ.டி. பட்டி நாலுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்திருந்தாலும் மூன்றே மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

விளக்கு இவ்வளவு மலிவானதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 2014-இல் மத்திய அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல். மொத்தமாக எல்.இ.டி. பல்பு வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது; ஆரம்பித்த இடங்களில் ஒன்று நம் புதுச்சேரி. அப்போது அது கொள்முதல் செய்த விலை பல்புக்கு 310 ரூபாய். 2015 ஜனவரியில் திட்டம் நாடு முழுக்கப் போனது. பிறகு 'உஜாலா' என்று பெயர் வைத்தார்கள். கோடிக்கணக்கில் வாங்கியதில் 2016-இல் விலை 38 ரூபாய்க்கு இறங்கியது. இதுவரை கொடுத்தவை 36 கோடிக்கு மேல். ஹைதராபாத் மாநகராட்சியும் இதே நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 4 லட்சம் தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றியது.

அதனால்தான் சொல்கிறேன், விளக்கு விஷயத்தில் பெரும்பாலான வீடுகள் ஏற்கெனவே ஜெயித்தாகிவிட்டது. 'லைட்டை ஆஃப் பண்ணு' என்று பிள்ளைகளைத் திட்டுவதில் இனி மிஞ்சப்போவது சொற்பம். 9 வாட் பல்பு ஒன்று ராத்திரி முழுக்க எரிந்தாலும் மாதம் 3 யூனிட்தான். திட்டு வாங்க வேண்டியது தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஃபேன் தின்னும் 81 யூனிட்

மேலே உள்ள கணக்கில் மிகப் பெரிய எண் ஃபேனுடையது. யாருமே அதை மின்சாரம் தின்னும் பொருளாக நினைப்பதில்லை. சாதா ஃபேன் 70 முதல் 80 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்திலும் 30 வாட் சுற்றுவட்டாரத்தில் நிற்கும். மூன்றையும் மாற்றினால் 81 யூனிட் 32 ஆகிவிடும். நம் மாதிரி வீடு 126 யூனிட்டுக்கு இறங்குகிறது. பில் 465 ரூபாய்.

ஒரு ஃபேன் 2,500 முதல் 3,000 ரூபாய். மூன்றுக்குப் போட்ட பணம் திரும்பி வர மூன்று வருடம் பக்கம் ஆகும். அதனால் ஓடுகிற ஃபேனை இன்றைக்கே கழற்றி எறிய வேண்டியதில்லை. அதிக நேரம் சுற்றுகிற ஹால் ஃபேனை முதலில் மாற்றுங்கள். மற்றவை பழுதாகும்போது காயில் கட்டக் கொடுக்காமல் மாற்றிவிடுங்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம். கடையில் அதைப் பார்த்து வாங்கலாம். மாட்டும்போது எலக்ட்ரீஷியனிடம் பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். ரிமோட்டில் ஓடும் ஃபேன்களுக்குப் பழைய ரெகுலேட்டர் ஒத்துவராது.

கூலர் ஊர்

சென்னையிலிருந்து போகிறவர்கள் செய்யும் முதல் பெரிய செலவு ஏ.சி. சென்னையில் அதற்கு நியாயம் உண்டு. கடல்காற்றின் ஈரத்தில் கூலர் வேலை செய்யாது. காற்றில் ஏற்கெனவே நீர் நிறைந்திருக்கும்போது கூலர் தெளிக்கும் தண்ணீர் ஆவியாக இடமில்லை. ஹைதராபாத் தக்காணப் பீடபூமியில், கடலை விட்டு வெகு தொலைவில் இருக்கிறது. ஏப்ரல், மே வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும் அது வறண்ட வெயில். அதனால்தான் அங்கே கோடை பிறந்ததும் சாலையோரமெல்லாம் கூலர்களும் அவற்றுக்கான புல் தட்டிகளும் வெட்டிவேர் தட்டிகளும் குவிகின்றன. ஜூன் நடுவில் மழை இறங்கியதும் கூலரைத் துடைத்து மூலையில் வைத்துவிடலாம். அதற்குப் பிறகு அந்த ஊருக்கு ஃபேனே போதும்.

எண்ணில் பாருங்கள். ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும் இரவு 8 மணி நேரத்துக்கு மாதம் 240 யூனிட். 180 வாட் கூலர் அதே நேரத்துக்கு 43 யூனிட். எல்.இ.டி. மட்டும் மாற்றிய 175 யூனிட் வீட்டில் ஏ.சி. சேர்ந்தால் 415 யூனிட், 2,832 ரூபாய். கூலர் சேர்ந்தால் 218 யூனிட், 1,158 ரூபாய். ஃபேனையும் மாற்றிய 126 யூனிட் வீட்டில் கூலர் சேர்ந்தால் 169 யூனிட்தான். பில் 671 ரூபாய். கொளுத்தும் மே மாதத்திலும் 200-க்குள்! ஃபேனுக்குப் போட்ட பணம் தன் முழுப் பலனைத் தருவது இங்கேதான்.

கூலருக்கும் குறை உண்டு. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். இல்லையென்றால் அறை புழுங்கும். தண்ணீர் குடிக்கும், சென்ற வாரக் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவாவிட்டால் கொசு முட்டையிடும்.

வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் ஏ.சி. தேவைப்படலாம். அப்படியானால் 24 டிகிரிக்குக் கீழே போகாதீர்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 முதல் வரும் ஏ.சி.க்கள் போட்டவுடன் 24-இல் நிற்பதும் அதனால்தான். மேலே ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் 26-ஏ குளிரும்.

மேல் மாடியில் இருப்பவர்கள் மொட்டைமாடிக்கு வெள்ளை பூசலாமா என்று வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள். 2023-இல் தெலங்கானா அரசு குளிர்கூரைக் கொள்கை என்றே ஒன்றை வெளியிட்டு, அரசுக் கட்டடங்களிலும் பெரிய மனைகளில் எழும் வீடுகளிலும் இதைக் கட்டாயமாக்கியது. சூடு கூரையிலேயே திரும்பிப் போய்விட்டால், கீழே ஏ.சி.க்கும் கூலருக்கும் வேலை குறையும்.

சிவப்புப் புள்ளியை எண்ணுங்கள்

இந்த வார வீட்டுப்பாடம் இது. உங்கள் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். அருகிலேயே 3200 என்றோ 1600 என்றோ எழுதியிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை முறை மின்னும் என்று பொருள். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் வழக்கம்போல 'அணைத்து'விட்டுப் போய் எண்ணுங்கள். ரிமோட்டில் அணைத்த டி.வி.யும் செருகியபடி இருக்கும் சார்ஜரும் அப்படியே இருக்கட்டும். 3200 மீட்டரில் பத்து நிமிடத்தில் 32 முறை மின்னினால், யாரும் பயன்படுத்தாமலே 60 வாட் போய்க்கொண்டிருக்கிறது. மாதத்துக்கு 43 யூனிட், அதாவது ஒரு கூலர் ஓடும் மின்சாரம். பிறகு ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே வந்தால் குற்றவாளி அகப்படுவான். மின்வெட்டுக் காலத்தில் வாங்கி மாட்டிய இன்வெர்ட்டர் பல வீடுகளில் மாட்டிக்கொள்ளும்.

வீடு மாறப் போகிறவர்களுக்கு இன்னொன்று. தனி வீட்டில் ஒரு போர்ஷன் பார்க்கிறீர்கள் என்றால், உங்களுக்குத் தனி மீட்டர் உண்டா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள். இரண்டு குடும்பம் தலா 150 யூனிட் எரித்தால் தனித்தனி மீட்டரில் ஆளுக்கு 580 ரூபாய். ஒரே மீட்டரில் 300 யூனிட்டாகச் சேர்ந்தால் 1,790. பாதி உங்கள் தலையில் 895. நீங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் பக்கத்து போர்ஷன் ஏ.சி. உங்களையும் மேல் ஸ்லாபுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

கடைசியாக ஒரு பழக்கம். ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, இருபதாம் நாள் மீட்டரை ஒருமுறை பாருங்கள். 130-க்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். 140-ஐ நெருங்கியிருந்தால் மிச்சமுள்ள பத்து நாளில் அயர்ன், கீஸர், மோட்டார் மூன்றிலும் கையைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள். கட்டணம் நாளைக்கு மாறலாம்; இந்தக் கணக்குப் போடும் முறை மாறாது.

அடுத்த வாரம்: கூரையில் சோலார் தகடு. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் மானியம், மாதம் 170 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு உண்மையிலேயே லாபமா?