பிள்ளைகளின் ஆன்லைன் பாடம்: தவணைக்குக் கையெழுத்திடும் முன்...

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி. மாநில சராசரி 80 சதவீதம், தருமபுரியில் 68.5 சதவீதம். 'நாம்தான் படிக்கவில்லை, பிள்ளைகளாவது படிக்கட்டும்' என்ற ஏக்கம் இங்கே பல வீடுகளில் இருக்கிறது. ஆன்லைன் பாடம் விற்க வருபவர்கள் முதலில் தொடுவதும் இந்த ஏக்கத்தைத்தான். எனவே இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று பெற்றோர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

இரண்டு வகை வியாபாரம்

டிஜிட்டல் பாடங்களை வெளியிடும் நிறுவனங்களில் ஒரு வகை ஆசிரியர்களுக்கானது. அமெரிக்காவில் பால் எடல்மன் என்ற முன்னாள் ஆசிரியர் 2006-ல் தொடங்கிய 'டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ்' தளம் இதற்கு நல்ல உதாரணம். ஓர் ஆசிரியர் தயாரித்த பயிற்சித்தாளை இன்னோர் ஆசிரியர் சில டாலர் கொடுத்து வாங்கிக்கொள்கிறார். தேவையானதை மட்டும் வாங்கலாம். கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு வகை, பெற்றோரிடம் நேரடியாக விற்பது. ஓராண்டு, ஈராண்டுப் பாடங்களை மொத்தமாகக் கட்டி, பெரிய தொகை சொல்வார்கள். 'கையில் பணம் இல்லையா? மாதத் தவணை போதும்' என்பார்கள். இந்த வகையில் நாட்டிலேயே பெரிதாக வளர்ந்தது பைஜூஸ். பெற்றோரைக் கடன் ஒப்பந்தங்களில் சிக்கவைக்கும் விற்பனை முறை பற்றிய புகார்களுக்காக, தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022 டிசம்பரில் அதன் தலைமை அதிகாரிக்கு சம்மன் அனுப்பியது. 2024 ஜூலையில் அந்நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்க பெங்களூரு தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

தவணைக்குள் இருக்கும் வட்டி

தவணை என்றால் பாடம் விற்ற நிறுவனத்துக்கே மாதாமாதம் கட்டுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு நிதி நிறுவனம் முழுத் தொகையையும் விற்றவருக்குக் கொடுத்துவிடுகிறது. பெற்றோர் கடன்பட்டிருப்பது அந்த நிதி நிறுவனத்துக்கு. பிள்ளை பாதியில் நிறுத்தினாலும் தவணை தானாக நிற்காது.

'வட்டியே இல்லாத தவணை' என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். கிரெடிட் கார்டு பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டியானது செயல்பாட்டுக் கட்டணம் என்ற பெயரில் மறைக்கப்படுவதை ரிசர்வ் வங்கி 2013-லேயே சுட்டிக்காட்டியது. வட்டி ஹராம் என்று அறிந்த நாம், பிள்ளையின் கல்வி என்ற நல்ல நோக்கத்துக்காகவே அதில் விழுந்துவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஒப்பந்தத்தை ஆலிம் ஒருவரிடமும், விவரம் தெரிந்த ஒருவரிடமும் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் 'ஆட்டோ டெபிட்' வசதிக்குச் சம்மதிப்பதைத் தவிர்க்குமாறு ஒன்றியக் கல்வி அமைச்சகமும் 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்தது. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

கையிலேயே இருக்கும் இலவசப் பாடம்

அரசுப் பாடப்புத்தகத்தில் பாடங்களோடு அச்சிடப்பட்டிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. அதுதான் க்யூஆர் கோடு. 2017-ல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் 'தீக்‌ஷா' செயலியில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோக்களும் பயிற்சிகளும் வரும். ஆசிரியர்களுக்கான பயிற்சிகளும் அதிலேயே உண்டு. சிக்னல் கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாத மலைக் கிராமத்திலும் பார்க்கலாம்.

6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான பாடங்களைச் சிறு சிறு வீடியோக்களாகத் தரும் 'மணற்கேணி' செயலியைத் தமிழ்நாடு அரசு 2023-ல் வெளியிட்டது. ஆண்ட்ராய்டு போன் இல்லாத வீடுகளுக்கு 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. உருது வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு, என்சிஇஆர்டி-யின் உருதுப் பாடநூல்கள் அதன் இணையதளத்தில் இலவசம். இவை எதற்கும் ஒரு பைசா கட்டணம் இல்லை.

ஜமாஅத் செய்யக்கூடியது

செயலி இருந்தால் மட்டும் பிள்ளை படித்துவிடாது. பக்கத்தில் உட்கார்ந்து 'புரிந்ததா?' என்று கேட்க ஒருவர் வேண்டும். படிக்காத பெற்றோருக்கு இதுதான் சிரமம். மஹல்லாவில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும், ஆசிரியைகளாக இருக்கும் சகோதரிகளும் இருக்கிறார்கள். மக்தப் முடிந்தபின் அதே இடத்தில் ஒரு மணி நேரம், ஒரு திரை, ஒரு போன் போதும். ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி, க்யூஆர் கோடை எப்படி ஸ்கேன் செய்வது என்று பெற்றோருக்குக் காட்டினால் அதுவே பெரிய உதவி.

கட்டணப் பாடம் எல்லாமே கெட்டது என்று நாம் சொல்லவில்லை. முதலில் இலவசமாக இருப்பதை ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். அதன் பிறகும் தேவை என்று தோன்றினால், கையில் இருக்கும் பணத்துக்குள் வாங்குங்கள், கடனில் வேண்டாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு ஹலாலான வழியையும் தந்தருள்வானாக! ஆமீன்.