வாழைப்பழ ஈயும் டெங்குக் கொசுவும்

போன வருடம் மழைக்காலத்தில் என் பேத்திக்கு டெங்கு வந்தது. பிளேட்லெட் எண்ணிக்கை ஏறுமா என்று ஐந்து நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தேன். வீடு திரும்பிப் பார்த்தால், கோடை முடிந்து ஓரங்கட்டிய எங்கள் கூலர் தண்ணீரிலேயே கொசுப்புழுக்கள் நெளிந்தன! 38 வருஷம் ரயில்வேயில் பழுது பார்த்தவன், சொந்த வீட்டில் கோட்டை விட்டேன். அதன்பின்தான் கொசுவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிப்பு என்னைக் கொண்டு சேர்த்த இடம், வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு ஈ.

இந்த ஈக்களில் பலவற்றின் செல்களுக்குள் 'வோல்பாக்கியா' என்ற பாக்டீரியா வாழ்கிறது. அடுத்த தலைமுறைக்கு அது தாயின் முட்டை வழியாகத்தான் போக முடியும். அதற்காக ஒரு தந்திரம் செய்கிறது. தொற்றுள்ள ஆண் ஈ, தொற்றில்லாத பெண்ணுடன் சேர்ந்தால் முட்டைகள் பல பொரிப்பதில்லை. தொற்றுள்ள பெண்ணுக்கு அந்த நஷ்டம் இல்லை. ஆகவே தொற்றுள்ள வம்சமே பெருகுகிறது.

1997-இல் அமெரிக்க விஞ்ஞானி சீமோர் பென்சரும் அவரது சக ஆராய்ச்சியாளரும் வோல்பாக்கியாவில் ஒரு முரட்டு ரகத்தைக் கண்டார்கள். அது ஈயின் மூளையிலும் தசையிலும் கட்டுக்கடங்காமல் பெருகி, ஆயுளைப் பாதியாக்கியது. சோளப்பொரிபோல் பெருகுவதால் 'பாப்கார்ன்' என்றே பெயர்!

டெங்கு வைரஸ் கொசுவின் உடலில் வளர்ந்து எச்சிலை எட்டச் சுமார் பத்து நாள் வேண்டும். அதற்குள் கொசு செத்தால் நோய் பரவாது அல்லவா? இந்த யோசனையில் ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓநீல் குழுவினர் முரட்டு ரகத்தைக் கொசுவில் ஏற்றினார்கள். அதன் ஆயுளும் பாதியானது. ஆனால் அந்தக் கொசுக்களால் வெளியில் நிலைத்து நிற்க முடியவில்லை. பழ ஈயிலிருந்தே எடுத்த சாதுவான ரகம் கைகொடுத்தது. அது குடியிருக்கும் கொசுவில் டெங்கு வைரஸ் சரியாக வளர்வதில்லை. முட்டைத் தந்திரத்தால் கொசுக்களிடையே தானாகவும் பரவியது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்த சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-இல் முடிவு வெளியானது. நம் புதுச்சேரியிலுள்ள ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மையமும் 2022-இல் இத்தகைய கொசுக்களை உருவாக்கியதாக அறிவித்தது.

அவை நம் தெருவுக்கு வரும்போது வரட்டும். அதுவரை வாரம் ஒருமுறை கூலரைக் கவிழ்த்து, தேய்த்து, காய வையுங்கள். பேத்தி இப்போது நலம். அந்த வேலையைச் சனிக்கிழமைதோறும் எனக்கு ஞாபகப்படுத்துவது அவள்தான்.