கடி நின்றால் நோய் மாறிவிட்டதா?



மாரி தொடங்கினால் என்னிடம் வரும் பெண்கள் பலர் வெட்கத்தோடு கேட்கும் கேள்வி இது. "மிஸி, இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்ட வட்டமாய்த் தடித்துக் கடிக்குது. பாமசியில் தந்த கிறீமைப் பூசினால் இரண்டு நாளில் குறையுது. விட்டால் முந்தியிலும் கூடப் பரவுது. ஏன்?"

இது படர்தாமரை. பங்கசினால் வருவது. பலவகைப் பங்கசுகளின் வித்திகள் காற்றிலும் மண்ணிலும் உள்ளன. ஆனாலும் நாம் நாளாந்தம் நோயாளியாவதில்லை. காரணம், பிறப்பிலேயே நமக்குக் கிடைத்த நிர்ப்பீடனம்.

அதன் முதல் வேலி தோல். தோலின் மேற்படை காய்ந்தது, சற்று அமிலத்தன்மை உடையது. அது உதிரும்போது ஒட்டிய பங்கசும் சேர்ந்து விழும். ஈர உடுப்போடு நெடுநேரம் இருந்தால் தோல் ஊறி, இந்த வேலி பலவீனமடைகிறது.

வேலியைத் தாண்டினால் வெண்குருதிக் கலங்கள் வரும். 1884ஆம் ஆண்டு மெச்னிக்கோவ் என்ற விலங்கியல் அறிஞர், நீர்த்தெள்ளு என்னும் சிறிய உயிரியை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். அதன் உடலுள் புகுந்த பங்கசின் வித்திகளைக் குருதிக் கலங்கள் சூழ்ந்து விழுங்குவதை விவரித்தார். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நமது கலங்களும் இதையே செய்கின்றன. பங்கசின் சுவரில் பீற்றா குளுக்கன் என்ற பொருள் உண்டு. மனித உடல் அதை ஆக்குவதில்லை. அதைத் தொட்டதும் 'இது வெளியாள்' என்று கலங்கள் அறிந்து, மற்றக் கலங்களையும் அழைக்கின்றன. சிவப்பும் தடிப்பும் கடியும் அந்த அழைப்பின் அடையாளங்கள்.

கடைகளில் கேட்டு வாங்கும் கலப்புக் கிறீம்கள் பலவற்றில் ஸ்டீரொயிட் உண்டு. அது இந்த அழைப்பை அடக்கிவிடும். கடி நிற்கும், பங்கசு தடையின்றி வளரும். குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, கள்ளனை வளவுக்குள் விட்டதுபோலத்தான்.

ஆகவே வைத்தியரிடம் காட்டி, பங்கசைக் கொல்லும் மருந்தையே பூசுங்கள். தடிப்பு மறைந்தாலும் சொன்ன நாள்வரை நிறுத்த வேண்டாம். வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து மருந்தெடுங்கள். துவாயைப் பகிர வேண்டாம். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குச் சிகிச்சை இலவசம்.

அடிக்கடி திரும்பி வந்தால் குருதியில் சீனியின் அளவைப் பரிசோதியுங்கள். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் வெண்குருதிக் கலங்களின் வேலை மந்தமாகும்.

தயிர்போல் வெள்ளைபட்டுக் கடித்தால் அதுவும் பெரும்பாலும் ஒரு பங்கசுதான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுத்தபின் நல்ல பற்றீரியாக்கள் குறைவதாலும் இது வரலாம். இது யாருடைய நடத்தையையும் காட்டும் நோயன்று, மறைக்கத் தேவையில்லை.

உள்ளுடுப்புகளை மற்ற உடுப்புகளுக்கு அடியில் ஒளித்துக் காயவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவை ஈரமாகவே கிடக்கும். கூச்சமாக இருந்தால் மேலே மெல்லிய துணியொன்றைப் போட்டாவது வெயிலில் நன்றாக உலர விடுங்கள்.